‘கம்ப்யூட்டர் வந்ததும் வேலை ரெட்டிப்பு’: ஆஸ்பத்திரி மென்பொருள் கோளாறுகளை அறிகுறி வைத்துச் சரிசெய்வது

நடுத்தர அளவு மருத்துவமனைகளில் எச்.ஐ.எஸ். (மருத்துவமனைத் தகவல் அமைப்பு) மென்பொருளைக் கட்டி மேய்க்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஐ.டி. பிரிவில் இருக்கலாம், எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) கோடிங் பார்க்கலாம், நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கலாம், ‘உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே’ என்று கமிட்டியில் பெயர் போடப்பட்ட டாக்டராகவும் இருக்கலாம்.

டாக்டர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ‘சிஸ்டம் ஸ்லோ’, ‘க்ளிக் ஜாஸ்தி’ என்றுதான் இருக்கும். அதை அப்படியே வென்டருக்கு அனுப்பினால் புது சர்வர் வாங்கச் சொல்வார். உட்கார்ந்து பார்த்தால் விஷயம் வேறாக இருக்கும். ஓர் இடத்தில் ஏற்கெனவே பதிவான விவரம் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை; அதை ட்யூட்டி டாக்டரோ ஸ்டாஃப் நர்ஸோ கையால் சுமந்துகொண்டிருக்கிறார். எச்.எல்.7, ஃபயர் (சிஸ்டத்துக்குச் சிஸ்டம் தகவல் அனுப்பும் முறைகள்), லாய்ங்க் (பரிசோதனைகளுக்கான குறியீட்டு எண், அதாவது ‘கோடு’), ஸ்னோமெட் (நோய் முதலான மருத்துவச் சொற்களுக்கான கோடு), டைகாம் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கானது) என்று பேசப்படும் தரநிலைகள் எல்லாம் இந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த விவரத்தை முதன்முதலில் யார், எங்கே பதிந்தார்? அங்கிருந்து ஏன் இங்கே வரவில்லை? இதைக் கேட்காமல் புதிதாக ஒரு கட்டாயக் கட்டத்தைச் சேர்த்தால் வேலையும் கூடும், குப்பையும் கூடும்.

அறிகுறி: லேப் ரிசல்ட் திரையில் இருக்கிறது, டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் அதையே திரும்ப டைப் செய்கிறார்

ரிசல்ட் எந்த உருவில் வருகிறது என்று முதலில் பாருங்கள். எல்.ஐ.எஸ். (லேப் மென்பொருள்) ஒரு பி.டி.எஃப். கோப்பை எச்.ஐ.எஸ்.ஸில் ஒட்டிவிட்டுப் போகிறதா, ஒவ்வொரு பரிசோதனையும் தனித்தனி மதிப்பாக வருகிறதா? பி.டி.எஃப். என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். எச்.எல்.7 பதிப்பு 2-இன் ஓ.ஆர்.யு. (ரிசல்ட் அனுப்பும் வகை) செய்தியாக ரிசல்ட் வேண்டும் என்று வென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பல எல்.ஐ.எஸ்.களில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். யாரும் கேட்காததால் அணைந்து கிடக்கும்.

தனித்தனி மதிப்பாகத்தான் வருகிறது, ஆனாலும் சம்மரிக்குள் இழுக்க முடியவில்லை என்றால், ஒரு செய்தியைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஓ.பி.எக்ஸ். என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ரிசல்ட். அந்த வரியின் 3-ஆவது கட்டத்தில் பரிசோதனையின் கோடு, 5-இல் மதிப்பு, 6-இல் அலகு, 11-இல் ரிசல்ட்டின் நிலை இருக்க வேண்டும். 3-ஆவது கட்டத்தில் ‘கிரியாட்’, ‘எஸ். கிரியாட்டினின்’, ‘கிரியாட்டினின் புதுசு’ என்று லேப் மாஸ்டரில் (பரிசோதனைகளின் மூலப் பட்டியல்) யார் யாரோ வைத்த பெயர்கள் வருகிறதென்றால், இவை மூன்றும் ஒன்றுதான் என்று சம்மரி டெம்ப்ளேட்டுக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்துக்குத்தான் லாய்ங்க். அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கிய கோடுப் பட்டியல் இது. காசு கட்ட வேண்டியதில்லை. சீரம் கிரியாட்டினினுக்கு 2160-0, ஹீமோகுளோபினுக்கு 718-7, எச்.பி.ஏ.1.சி.க்கு 4548-4. உங்கள் லேபில் உள்ள எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே மூச்சில் கோடு போட உட்காராதீர்கள். கடந்த மூன்று மாத எண்ணிக்கையை எடுத்து, அதிகம் செய்யப்படும் நூறு பரிசோதனைகளை மட்டும் முதலில் முடியுங்கள். வார்டில் கேட்கும் முனகல் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். லாய்ங்க் தளத்திலேயே அதிகம் பயன்படும் 2000 சொச்சம் கோடுகளின் பட்டியல் தனியாகக் கிடைக்கிறது, அங்கிருந்து தேடுவது சுலபம். அனலைசர் கம்பெனியிடம் ‘எல்.ஐ.வி.டி. பட்டியல் இருக்கிறதா’ என்றும் கேளுங்கள். அந்த மெஷினில் ஓடும் ஒவ்வொரு சோதனைக்கும் எந்தக் கோடு என்று அவர்களே எழுதி வைத்திருக்கலாம்.

மேப்பிங் செய்யும்போது லேப் டெக்னீஷியனோ பயோகெமிஸ்ட்ரி டாக்டரோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ‘சுகர்’ என்ற ஒரு வார்த்தையை ஐ.டி. ஆள் 2345-7 என்று போட்டுவிடுவார். அது பொதுவான குளுக்கோஸ்; வெறும் வயிற்றில் எடுத்ததற்கு 1558-6 என்று தனிக் கோடு உண்டு. இரண்டையும் கலந்தால் சாப்பிட்ட பிறகு எடுத்த 160-ஐ ஃபாஸ்டிங் என்று நினைத்து ஒருவர் மாத்திரையைக் கூட்டிவிடுவார்.

11-ஆவது கட்டத்தையும் மறக்க வேண்டாம். இறுதி ரிசல்ட் என்றால் ‘எஃப்’, திருத்தியது என்றால் ‘சி’. லேப் திருத்தி அனுப்பியும் வார்டில் பழைய மதிப்பே நிற்கிறது என்ற புகார் வந்தால், ‘சி’ வந்த வரியை எச்.ஐ.எஸ். புது ரிசல்ட்டாகச் சேர்க்கிறதா, பழையதை மாற்றுகிறதா, கண்டுகொள்ளாமலே விடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ப்ளேட்லெட் கிராஃப் ஒரே இரவில் பாதாளத்துக்குப் போய், காலையில் திரும்பி வருகிறது

டெங்கு சீசனில்தான் இது வெளியே தெரியும். வார்டில் ஒரு நோயாளிக்கு நாளுக்கு இரண்டு தடவை ப்ளேட்லெட் பார்ப்பார்கள். கிராஃபைத் திறந்தால் 120, அடுத்து 1.1, அடுத்து 98000, அடுத்து 95. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. செல் கவுன்டர் ‘மைக்ரோலிட்டருக்கு இத்தனை ஆயிரம்’ என்ற கணக்கில் 120 என்று அனுப்புகிறது. நம் ஊர் லேப் ரிப்போர்ட் லட்சத்தில் எழுதிப் பழகியது. அதனால் இரவு ஷிஃப்டில் கையால் பதிந்தவர் 1.1 என்று போட்டார். வெளி லேபிலிருந்து வந்த தாளைப் பார்த்துப் பதிந்தவர் முழு எண்ணாக 98000 என்று போட்டார். மூன்றுமே சரிதான், மூன்றுக்கும் அலகு வேறு. அலகுக் கட்டம் காலியாகவோ, ‘லாக்ஸ்’, ‘லட்சம்/க்யூ.எம்.எம்.’ என்று கைபோன போக்கில் எழுதப்பட்டோ கிடக்கிறது. கிராஃப் எண்ணை மட்டும்தான் பார்க்கும்.

இதில் டாக்டருக்கு என்ன வேலைச்சுமை என்று கேட்கலாம். கிராஃபை நம்பாமல் அவர் ஒவ்வொரு ரிசல்ட்டையும் தனியாகத் திறந்து, தாளில் ஒரு அட்டவணை போட்டு, அதை வைத்து ரவுண்ட்ஸ் போகிறார். எந்த வார்டில் நர்ஸ் ஸ்டேஷன் கண்ணாடியில் கையால் எழுதிய ப்ளேட்லெட் அட்டவணை ஒட்டியிருக்கிறதோ, அங்கே இந்தக் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கும் முறை: லேப் ரிசல்ட் டேபிளில் பரிசோதனைவாரியாக, அலகுவாரியாக எத்தனை பதிவு, குறைந்த மதிப்பு எவ்வளவு, அதிக மதிப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி (டேட்டாபேஸ் க்வெரி) ஓட்டுங்கள். ஒரே பரிசோதனைக்கு ஒன்றுக்கு மேல் அலகு வந்தாலோ, குறைந்ததற்கும் அதிகமானதற்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருந்தாலோ அதைக் குறித்து வையுங்கள். ஒரு மதிய நேரத்தில் மொத்தப் பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

சரிசெய்வது: சேமிக்கும் அலகு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். யு.சி.யு.எம். என்ற தரநிலை, அலகுகளைக் கம்ப்யூட்டர் குழம்பாமல் படிக்கிற மாதிரி எழுதும் முறை. ப்ளேட்லெட்டுக்கு அதன்படி ‘ஆயிரம்/மைக்ரோலிட்டர்’ என்பதை வைத்துக்கொள்ளலாம், லாய்ங்க் 777-3 அதோடு பொருந்தும். திரையில் காட்டும்போது லட்சமாக மாற்றிக் காட்டுங்கள். டாக்டர் 1.2 லட்சம் என்றுதான் யோசிக்கிறார். அவரை மாற்றச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டியதில்லை. கையால் பதியும் திரையில் அலகைத் தேர்ந்தெடுக்காமல் எண்ணைப் போட முடியாதபடி செய்யுங்கள். கட்டாயக் கட்டம் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு: பதிகிறவருக்கு அந்த நொடியில் விடை கையிலேயே இருக்கிறது.

பழைய பதிவுகளை என்ன செய்வது? அலகு தெரிந்தவற்றை மாற்றுங்கள். அலகு காலியாக இருப்பதை எண்ணைப் பார்த்து ஊகிக்காதீர்கள். 1.2 என்றால் லட்சமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ப்ளேட்லெட் ஒன்றிரண்டு ஆயிரத்துக்கு விழுந்த நோயாளிகளும் உண்டு. அவற்றை ‘அலகு தெரியாது’ என்று குறித்து கிராஃபிலிருந்து ஒதுக்கிவிடுவதே நல்லது.

இதே நோய் இன்னும் சில பரிசோதனைகளில் ஒளிந்திருக்கும். ட்ரோபோனினை சில மெஷின் லிட்டருக்கு நானோகிராமிலும் சில மெஷின் மில்லிலிட்டருக்கு நானோகிராமிலும் தரும். வித்தியாசம் 1000 மடங்கு. கிரியாட்டினின் 1 மி.கி./டெ.லி. என்பதும் 88.4 மைக்ரோமோல்/லி. என்பதும் ஒன்றுதான், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர் கொண்டுவரும் தாளில் இரண்டாவது இருக்கலாம். டி-டைமர் இன்னும் மோசம்: எஃப்.இ.யு., டி.டி.யு. என்று இரண்டு கணக்கு, முதலாவது மற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. லாய்ங்க் இரண்டுக்கும் தனித்தனிக் கோடு வைத்திருப்பது காரணத்தோடுதான்.

அறிகுறி: ஒரே ஆளுக்கு மூன்று யு.எச்.ஐ.டி. (நோயாளி எண்), பழைய கேஸ் ஷீட் தேடியே ஓ.பி. நேரம் போகிறது

ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டரில் அரை மணி நேரம் நில்லுங்கள். காரணம் தானாகத் தெரியும். வெளிநாட்டு வார்ப்பில் வந்த மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கும். க. முருகனுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு கவுன்டரில் இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போடுவார்கள், இன்னொன்றில் அப்பா பெயரை, மூன்றாவதில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். ஆங்கில எழுத்தில் செல்வியை ‘எஸ்’ போட்டும் எழுதலாம், ‘சி.எச்.’ போட்டும் எழுதலாம். லட்சுமியை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

ஃபயர் தரநிலையில் குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை; முழுப் பெயரை எழுதியபடியே வைக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதை வைத்து வென்டரிடம் பேசுங்கள்: ‘தரநிலையே கேட்காததை உங்கள் திரை ஏன் கேட்கிறது?’ பிறந்த தேதியும் அப்படித்தான். வயது மட்டும் தெரிந்த பாட்டிக்கு மென்பொருள் முழுத் தேதி கேட்டால் ஜனவரி 1 என்று விழும். உங்கள் டேபிளில் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், ஊர்த் திருவிழாக் கூட்டம் இருக்கும். ஃபயரில் ஆண்டை மட்டும் தரலாம். ஆண்டு மட்டும் தெரியும் என்பது உண்மையான தகவல்; ஜனவரி 1 என்பது பொய்யான தகவல். ஆள் பொருத்தும் நிரலுக்கு இரண்டாவதுதான் தலைவலி.

பிரசவ வார்டில் ‘பி/ஓ லட்சுமி’ (லட்சுமியின் குழந்தை) என்று பதிவான குழந்தை, பெயர் வைத்த பிறகு தடுப்பூசிக்கு வரும்போது புது யு.எச்.ஐ.டி. வாங்கிக்கொண்டு போகிறது. அம்மாவின் யு.எச்.ஐ.டி.யை வைத்துத் தேடும் வசதியைக் கவுன்டர் திரையில் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். இரட்டைக் குழந்தை என்றால் பிறந்த வரிசை எண்ணும் கூடவே இருக்க வேண்டும்.

ஆபா எண் (மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். 14 இலக்கம், ஆளுக்கு ஒன்று. ஓ.பி. வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கோடை நோயாளி தன் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த விவரம், முகவரி எல்லாம் கவுன்டருக்கு வந்துவிடும், டோக்கனும் விழும். கவுன்டரில் இருப்பவர் டைப் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம். ஆனால் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்காது, ஆபா இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆகவே பழைய வழியும் ஓட வேண்டும். மொபைல் எண்ணை ஆள் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டுக்கே ஒரு எண்தான்.

ஏற்கெனவே இரட்டித்துப் போனவற்றைச் சேர்க்கும்போது எச்.ஐ.எஸ்.ஸில் மட்டும் சேர்த்தால் போதாது. எச்.எல்.7-இல் ஏ40 என்ற ‘மெர்ஜ்’ செய்தி இதற்கென்றே இருக்கிறது. லேபும் பேக்ஸும் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சிஸ்டம்) அதை வாங்கிக்கொள்கின்றனவா என்று சோதனை நோயாளியை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் சேர்த்த மறுநாள் பழைய எண்ணிலேயே ரிசல்ட் வந்து அந்தரத்தில் நிற்கும்.

அறிகுறி: டயக்னோசிஸ் ரிப்போர்ட்டில் பாதிப் பேருக்குக் ‘காய்ச்சல், காரணம் குறிப்பிடப்படவில்லை’

ஐ.சி.டி. கோடு போடாமல் ஓ.பி. திரையை மூட முடியாது என்று யாரோ ஒரு கட்டாயம் வைத்திருப்பார்கள். வாசலில் ஐம்பது பேர் நிற்கும்போது டாக்டர் மூன்று எழுத்து தட்டி, பட்டியலில் முதலில் வருவதை அமுக்குவார். குற்றம் அவருடையதல்ல. ஐ.சி.டி. என்பது புள்ளிவிவரத்துக்கும் பில்லுக்கும் வகை பிரிக்கும் பட்டியல். நோயாளியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வகைபிரிப்பதில்லை.

டாக்டர் திரையிலிருந்து ஐ.சி.டி.யை எடுத்துவிட்டு ஸ்னோமெட் சி.டி.யை அடியில் வையுங்கள். அதை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு. நாட்டுக்குள் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. புணேயில் உள்ள சி-டாக்கின் (அரசுக் கணினி ஆய்வு நிறுவனம்) என்.ஆர்.சி.இ.எஸ். என்ற சுகாதாரத் தரநிலை மையம் வெளியீடுகளையும் தேடும் கருவிகளையும் தருகிறது. டாக்டர் ‘டி.எம்.2’ (இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்) என்று தட்டினால் 44054006 பதிவாகட்டும், ‘எச்.டி.என்.’ (உயர் ரத்த அழுத்தம்) என்றால் 38341003. அவர் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஸ்னோமெட்டிலிருந்து ஐ.சி.டி.-10க்குப் போகும் மேப் வெளியீட்டோடு சேர்ந்தே வருகிறது, எம்.ஆர்.டி.யில் கோடர் அதைச் சரிபார்த்து முடிக்கட்டும். ஒவ்வொரு துறைக்கும் அடிக்கடி வரும் ஐம்பது நோய்களின் பட்டியலை, அந்தத் துறை டாக்டர்கள் எழுதும் சுருக்கங்களோடு செய்து கொடுத்தால் தேடும் நேரம் நன்றாகக் குறையும். இந்தப் பட்டியலை பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளிலிருந்தே பொறுக்கலாம், கமிட்டி கூட்ட வேண்டாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கேள்விக்குறி. டாக்டர் ‘? டெங்கு’ என்று எழுதுகிறார். மென்பொருள் கேள்விக்குறியை விழுங்கிவிட்டு டெங்கு என்று பதிகிறது. அது அப்படியே நோயாளியின் பழைய நோய்ப் பட்டியலில் காலத்துக்கும் உட்கார்ந்துகொள்ளும். ஃபயரில் நோய்ப் பதிவுக்கு உறுதிநிலை என்று தனிக் கட்டம் இருக்கிறது: தற்காலிகம், உறுதியானது, இல்லையென்று தள்ளப்பட்டது. கேள்விக்குறியைத் தட்டினால் அது ‘தற்காலிகம்’ ஆகும்படி செய்துவிட்டால் டாக்டர் தன் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. ‘அப்பாவுக்கு சுகர்’ என்பதும் நோயாளியின் கணக்கில் விழாமல் பாருங்கள்; குடும்ப வரலாற்றுக்கு ஸ்னோமெட்டில் தனிக் கோடு இருக்கிறது.

இரண்டாவது, எந்த ஐ.சி.டி.-10? இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்காவின் திருத்தப் பதிப்பு. அதில் டெங்கு ஏ90, ஏ91. உலக சுகாதார நிறுவனத்தின் பிந்தைய பதிப்பில் அது ஏ97-க்கு மாறிவிட்டது. எச்சரிக்கைக் குறிகள் இல்லாதது, உள்ளது, கடுமையானது என்ற உட்பிரிவுகளோடு. வென்டர் எதை ஏற்றியிருக்கிறார் என்று தெரியாமல் டெங்கு கணக்கெடுத்தால் பாதி விட்டுப்போகும்.

அப்புறம் ஒரு விஷயம். எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். நோயாளி சொன்ன கதை, வலி எப்படித் தொடங்கியது, வீட்டில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். நோய், மருந்து, ஒவ்வாமை, ரிசல்ட், வைட்டல்ஸ், செய்த சிகிச்சைமுறை ஆகியவற்றுக்குக் கோடு இருந்தால் போதும். இருபது டிக் பாக்ஸ் போட்ட ஹிஸ்டரியைப் படித்து அடுத்த டாக்டருக்கு ஒன்றும் புரிவதில்லை.

அறிகுறி: வார்டில் எல்லோருக்கும் பி.பி. 120/80, மூச்சு 20

வைட்டல்ஸை நர்ஸ் முதலில் துண்டுத்தாளில் எழுதுகிறார், பிறகு சார்ட்டில், ஷிஃப்ட் முடியும்போது கம்ப்யூட்டரில். மூன்றாவது தடவை எழுதும்போது தாள் தொலைந்திருக்கும். மதிப்புகள் ஒரே எண்ணில் குவிகின்றனவா, பூஜ்யத்தில் முடிபவை எவ்வளவு, பதிந்த நேரம் எல்லாம் ஷிஃப்ட் முடியும் அரைமணிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். திட்டி சர்க்குலர் விட்டால் எண்கள் கொஞ்சம் கலைந்து வரும், அவ்வளவுதான்.

ஐ.சி.யு. மானிட்டர்கள் பலவற்றின் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து எச்.எல்.7 செய்தி எடுக்க முடியும். நர்ஸ் பார்த்து ஒப்புதல் தரும் ஒரு பட்டன் மட்டும் நடுவில் இருக்கட்டும். சென்சார் கழன்ற நேரத்து எண்ணெல்லாம் உள்ளே வந்துவிடக் கூடாது. பொது வார்டில் மானிட்டர் கிடையாது. அங்கே படுக்கையருகே ஒரு டேப்லெட்டும், ரிஸ்ட்பேண்ட் பார்கோடும் வைத்தால் துண்டுத்தாள் ஒழியும். சிஸ்டாலிக், டயஸ்டாலிக் இரண்டையும் ‘120/80’ என்று ஒரே எழுத்துக் கட்டத்தில் வைத்திருக்கிறார்களா பாருங்கள். 8480-6, 8462-4 என்று தனித்தனியாகப் பிரியாவிட்டால் எந்த ட்ரெண்டும் வராது.

அறிகுறி: எக்ஸ்ரே படம் பேக்ஸில் இருக்கிறது, நோயாளி பெயரில் தேடினால் வரவில்லை

டெக்னீஷியன் கன்சோலில் பெயரை டைப் செய்கிறார் என்று அர்த்தம். டைகாமில் ‘மொடாலிட்டி வொர்க்லிஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது: ஆர்டர் ஆன நோயாளிகளின் பட்டியல் கன்சோலுக்கே வரும், அவர் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும், ஆக்சஷன் எண்ணும் (அந்த ஆர்டருக்கான எண்) கூடவே ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது இதற்கான லைசென்ஸைச் சேர்த்தார்களா என்று பர்ச்சேஸ் ஆர்டரைப் பாருங்கள். விபத்து கேஸில் பெயர் தெரியாமல் எடுத்த படங்களைப் பிறகு சேர்க்க யாராவது ஒருவர் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

அறிகுறி: ரத்தம் எடுப்பதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பே ரிசல்ட் வந்துவிட்டது

சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரு சிஸ்டம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) எழுதுகிறது, இன்னொன்று அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. ஃபயரில் மணி, நிமிடம் எழுதினால் நேர மண்டலமும் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. +05:30 சேர்ந்து வருகிறதா பாருங்கள். வித்தியாசம் ஏழு நிமிடம், பதின்மூன்று நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் அனலைசர் கடிகாரம். எல்லாவற்றையும் ஒரே என்.டி.பி. (கடிகாரங்களை ஒத்திசைக்கும்) சர்வருக்குத் திருப்புங்கள். நெட்வொர்க்கில் இல்லாத பழைய மெஷினுக்கு வாரம் ஒருமுறை கையால் சரிசெய்யும் வேலையை யாருக்காவது கொடுங்கள்.

எடுத்த நேரமும் சோதித்த நேரமும் ஒன்றாகவே வந்தால், ஃப்ளபாட்டமிஸ்ட் (ரத்தம் எடுப்பவர்) ஸ்கேன் செய்த நேரம் எங்கேயோ தொலைகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன் எடுத்த கல்ச்சரா, பின் எடுத்ததா என்று டாக்டர் போன் போட்டுக் கேட்பது இதனால்தான்.

அறிகுறி: மருந்து எச்சரிக்கைப் பெட்டி எது வந்தாலும் ஓகே அமுக்குகிறார்கள்

எச்சரிக்கைகளின் லாக்கை எடுத்து, எந்த எச்சரிக்கை அதிகம் வருகிறது, அதில் எத்தனையை டாக்டர் ஏற்றார் என்று பாருங்கள். ஏறக்குறைய யாருமே ஏற்காத எச்சரிக்கை இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மருந்தாளுநரும் மூத்த டாக்டரும் கையெழுத்துப் போட்டு நிறுத்தட்டும், ஐ.டி. ஆள் தானாகச் செய்யக்கூடாது.

அடுத்தது மருந்து மாஸ்டர். பிராண்டு பெயரில் மட்டும் மருந்து பதிவாகியிருந்தால் கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் பாராசிட்டமால் மென்பொருளுக்குத் தெரியாது. தேவையான இரட்டிப்பு எச்சரிக்கை வராது, தேவையற்றது வரும். இந்தியாவுக்கான பொது மருந்துக் கோடுகளை என்.ஆர்.சி.இ.எஸ். வெளியிட்டிருக்கிறது, பிராண்டை மூலப்பொருளோடு இணைக்க அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் ‘ஒவ்வாமை இல்லை’ என்று அர்த்தமா, ‘யாரும் கேட்கவில்லை’ என்று அர்த்தமா? ஸ்னோமெட்டில் ‘அறிந்த ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்பதற்கே 716186003 என்று கோடு இருக்கிறது. ஒருமுறை அது பதிவாகிவிட்டால் ஒவ்வொரு அட்மிஷனிலும் ஆறு பேர் அதையே கேட்க வேண்டியதில்லை, ஒருவர் உறுதிசெய்தால் போதும்.

ரிசல்ட்டுக்குக் கோடு போட்ட பலனும் இங்கேதான் தெரியும். ஸ்பைரோனோலாக்டோன் எழுதும்போதெல்லாம் பொட்டாசியம் எச்சரிக்கை வந்தால் எரிச்சல். கடைசி பொட்டாசியத்தை, அதாவது 2823-3-ஐ, மென்பொருளே பார்த்து, அதிகமாக இருந்தாலோ அண்மையில் பார்க்கவே இல்லை என்றாலோ மட்டும் குறுக்கே வந்தால் டாக்டர் நின்று படிப்பார்.

அறிகுறி: ஏ.பி.டி.எம். (ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்) இணைப்பு முடிந்தது, ஆனாலும் பழைய மருந்தை நோயாளியிடம்தான் கேட்கிறார்கள்

நோயாளியின் ஒப்புதலோடு வேறு மருத்துவமனையின் பதிவு வருகிறது, திறந்தால் ஸ்கேன் செய்த தாள். ஃபயர் ஆர்4 (நான்காம் பதிப்பு) உறைக்குள் பி.டி.எஃப்.பை வைத்து அனுப்ப ஏ.பி.டி.எம். இடம் கொடுக்கிறது, தொடக்கத்தில் எல்லோரும் சேர வேண்டும் என்றால் அது வேண்டியதுதான். ஆனால் அதிலேயே நின்றுவிடுகிறோம். உங்கள் பக்கத்திலிருந்து போகும் மருந்துச்சீட்டில் மருந்துகள் தனித்தனி வரியாகப் போகின்றனவா, ஒரே கோப்பாகவா என்று ஒரு மாதிரியைத் திறந்து பாருங்கள். பிரிஸ்கிரிப்ஷன், லேப் ரிப்போர்ட் இரண்டை மட்டும் முதலில் பிரித்து அனுப்புங்கள். வாங்கும் பக்கத்திலும், வந்த மருந்துகளை டாக்டர் டிக் செய்து தன் பட்டியலில் சேர்க்கும் வசதி வேண்டும். வெறுமனே பார்க்க மட்டும் முடிந்தால் அவர் மீண்டும் டைப்தான் செய்வார்.

நிக்ஷய் (காசநோய்), ஐ.எச்.ஐ.பி. (நோய்க் கண்காணிப்பு) மாதிரி அரசுத் தளங்களில் அதே விவரத்தை மறுபடி ஏற்றுவதும் இந்த வகைதான். நேரடி இணைப்பு உங்களுக்குக் கிடைக்காத இடத்தில், கோடு போட்ட டயக்னோசிஸை வைத்துத் தினமும் காலையில் ஒரு பட்டியல் எடுத்து டேட்டா என்ட்ரி ஆளிடம் கொடுங்கள். காசநோய் அறிவிப்புக்காக நெஞ்சு மருத்துவர் உட்கார்ந்து முகவரி டைப் செய்வது வீண்.

அறிகுறி: எல்லாம் சரியானது, ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

லேப் மாஸ்டரில் யார் யாருக்குப் புதுப் பரிசோதனை சேர்க்கும் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் ஒருவராக்குங்கள். லாய்ங்க் கோடும் அலகும் இல்லாமல் புது வரியைச் சேமிக்க முடியாதபடி பூட்டுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் அலகு, ஜனவரி 1, எச்சரிக்கை லாக் மூன்றையும் மாதம் ஒருமுறை தானாக ஓடவிட்டு லேப் இன்சார்ஜுக்கும் எம்.ஆர்.டி.க்கும் மெயில் போகச் செய்யுங்கள். புது அனலைசரோ மானிட்டரோ வாங்கினால் எச்.எல்.7 வெளியீடு, எல்.ஐ.வி.டி. பட்டியல், வொர்க்லிஸ்ட் லைசென்ஸ் ஆகியவற்றை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மெஷின் வந்து இறங்கின பிறகு கேட்டால் அதற்குத் தனி பில் வரும்.